கடல் மூடியிருக்கும் 61 நாள்: காசிமேட்டில் நடக்கும் ஒரு சஸ்பென்ஸ் நாவலுக்கு யோசனை வேண்டும்

கல்மண்டபத்தான் எழுதியது:

மூன்று வருடமாக ஒரு நாவலை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பகலில் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எழுத்து. வீட்டில் படிக்க ஆள் இல்லை. மனைவி முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு "இதுல வர்ற மாமியார் யாரு?" என்று கேட்டதோடு சரி. அதனால் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

கதை இதுதான். காசிமேட்டில் லாஞ்சு (பெரிய விசைப்படகு) ஓட்டும் தேசிங்கு, அவன் மனைவி, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் கலா, கேரம் போர்டே கதியென்று கிடக்கும் மகன் பாபு, தேசிங்கின் அம்மா முனியம்மா ஆயா. ஐந்து பேர், ஒன்றரை ரூம். 2012 ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். விடியற்காலையில் குடுகுடுப்பைக்காரர் வருகிறார். தெரு முழுக்க "நல்ல காலம் பொறக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், இவர்கள் வாசலில் மட்டும் உடுக்கையை நிறுத்திவிட்டு, "கடல் தொறக்கறதுக்குள்ள இந்த வாசல்ல ஒரு பந்தல் நிக்கும்" என்கிறார். அவ்வளவுதான். காசுகூட வாங்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

கல்யாணப் பந்தலா, சாவுப் பந்தலா? சாவு என்றால் ஐந்து பேரில் யார்? இதுதான் முடிச்சு. கடனுக்காக தேசிங்கை மிரட்டும் ஒரு ரௌடியும் உண்டு.

பிரச்சினை என்னவென்றால், சிரிப்பு வரும் இடத்தில் பயம் ஓடிவிடுகிறது. பயத்தைக் கூட்டினால் சிரிப்பு செத்துவிடுகிறது. வீட்டு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசத்தை எழுதப்போனால் சீரியல் மாதிரி இழுக்கிறது. மூன்றையும் ஒரே பானையில் எப்படி வேகவைப்பது? ஒன்பதாவது அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன்.

வியாசை பந்து எழுதியது:

அண்ணே, ரௌடி வந்துட்டாரா? வடசென்னை நாவல் என்றால் ரௌடி இல்லாமல் ரேஷன் கார்டே தரமாட்டார்கள் போல. எங்கள் தெருவில் ஃபுட்பால் ஆடுகிறவன் இருக்கிறான், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள் இருக்கிறாள், புறா வளர்க்கிற தாத்தா இருக்கிறார். கதை என்று வந்தால் மட்டும் எல்லார் கையிலும் கத்தி முளைத்துவிடுகிறது. முதலில் அந்த ஆளை வெளியே அனுப்புங்கள். குடுகுடுப்பைக்காரரே போதும். காசு வாங்காமல் போனார் என்ற இடத்தில் எனக்கு நிஜமாகவே முதுகு சிலிர்த்தது.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

தம்பி, கதை நன்று. ஆனால் தகவல் பிழைகள் இருக்கின்றன, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலையும் இல்லை.

ஒன்று. 2012இல் தடைக்காலம் 61 நாள் கிடையாது. அப்போது 45 நாள்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. ஜூன் 14 வரை நீட்டி 61 நாள் ஆக்கியது 2017இல். தலைப்பில் 61 என்று போட்டுவிட்டு 2012 என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு. நீங்கள் எனக்குத் தனியாக அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் கலா தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுகிறாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரி 14. ஒன்பது வருடம் முன்னாலேயே ஏறிவிட்டாள்.

மூன்று. ராயபுரம் ஸ்டேஷனை "நூறு வருடப் பழைய கட்டடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது திறந்தது 1856. வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி புறப்பட்ட இடம். ஐம்பது வருடத்துக்கு மேல் குறைத்துவிட்டால் எங்களுக்கு வருத்தமாக இருக்காதா?

கல்மண்டபத்தான் எழுதியது:

ஐயா, மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கதையை 2022க்கு நகர்த்திவிடுகிறேன். 61 நாள் எனக்கு வேண்டும், மெட்ரோவும் வேண்டும். ரௌடியை நேற்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். அவர் போனதும் வீட்டில் இடம் தாராளமாக இருக்கிறது.

லாஞ்சு வீட்டுப் பிள்ளை எழுதியது:

அண்ணா, எங்க அப்பா இருபது வருஷத்துக்கு மேல் லாஞ்சில் போனவர். உங்கள் கதையில் தடைக்காலம் வெறும் தேதியாக நிற்கிறது. அதுதான் கதையின் அடுப்பே.

பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கி மீன் பிடித்துவிட்டு, கரைக்கு வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுத் திரும்பப் போகிற ஆள் திடீரென்று 61 நாள் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவருக்கு எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்றே தெரியாது. ஃபேன் போடப் போய் மிக்ஸியை ஓடவிடுவார். குழம்பில் உப்பு பார்ப்பார். யாரும் கேட்காமலே காய் நறுக்குவார், படகுக் கயிறு அறுக்கிற மாதிரி. எங்க அம்மா தடைக்காலத்தின் பத்தாவது நாள் சொல்லும்: "மீனு முட்டை போடணும்னு கடலை மூடுறாங்க. வூட்டுக்கு எவன்யா லீவு வுடுவான்?"

சிரிப்புக்கு நீங்கள் தனியாக மெனக்கெட வேண்டாம். பயமும் அங்கேயே இருக்கிறது. வருமானம் நின்றுவிடும். அரசு கொடுக்கும் நிவாரணம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே சரியாகப் போகும். லாஞ்சைக் கரையேற்றி பெயிண்ட் அடிப்பது, இஞ்சினைப் பிரிப்பது, வலை பின்னுவது எல்லாம் இந்த நாட்களில்தான். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் வேறு. காதில் கழுத்தில் இருப்பது அடகுக் கடைக்குப் போகும்.

இதில் உங்களுக்கு உபயோகமான ஒரு ஓட்டை இருக்கிறது. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் போட்டும் கட்டுமரமும் கரையோரம் போகலாம். "கடல் தொறக்கறதுக்குள்ள" என்று குடுகுடுப்பைக்காரர் சொன்னதும் குடும்பம் என்ன நினைக்கும்? அப்பா கடலுக்குப் போகப் போவதில்லை, கடலில் ஆபத்து இல்லை என்றுதானே? ஆனால் பணத்துக்காக அவர் யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் அடுத்த ஆள் ஃபைபர் போட்டில் கூலிக்குப் போனால்? பெரிய லாஞ்சு ஓட்டிப் பழகின கை சின்ன போட்டில் தடுமாறும். கருங்கல் தடுப்புப் பக்கம் அலை தூக்கி அடித்தால் எந்த அனுபவமும் உதவாது.

ஒற்றியூர் டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்கும் மூன்றையும் ஒரே பானையில் வேகவைத்த கதை உங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்த கதை. பக்தியை ஓரமாக வைத்துவிட்டு சஸ்பென்ஸ் எழுதுகிறவராகப் பாருங்கள்.

சுந்தரருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். இங்கே கோயிலில் பூ கட்டும் சங்கிலியாரைப் பார்த்ததும் மனசு போய்விடுகிறது. தோழர் ஆயிற்றே என்று சிவனையே தரகுக்கு அனுப்புகிறார். பெண் விவரமானவர், உன்னைவிட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார். சுந்தரர் ஒரு திட்டம் போடுகிறார். சத்தியத்தைச் சந்நிதியில் செய்வேன், அந்த நேரம் நீ சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடம் சொல்லிவைக்கிறார். சாமி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் எதில் சேர்த்தி? சிவனும் சரி என்கிறார். அன்று ராத்திரியே சங்கிலியார் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்" என்று போட்டுக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் அவர் "சந்நிதி வேண்டாம், மரத்தடியில் செய்யுங்கள்" என்றதும் சுந்தரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் வகுப்பில் சொல்லும்போது இந்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிடும். வசந்த காலம் வருகிறது, திருவாரூர் நினைப்பு வருகிறது, கிளம்புகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. எந்தத் தந்திரத்தைப் பார்த்துச் சிரித்தோமோ அதுவேதான் அவர் கண்ணைப் பறிக்கிறது.

உங்கள் பானையில் என்ன குறை தெரியுமா? விதி வெளியிலிருந்து வாசலுக்கு வருகிறது. வீட்டுக்குள் இருக்கிற ஒருவர் பாசத்தில் ஒரு தந்திரம் செய்யட்டும். சிரிப்பும் அதிலேயே, கேடும் அதிலேயே.

வியாசை பந்து எழுதியது:

டீச்சர், இதை இப்படி யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் தமிழில் பாஸாகியிருப்பேன்.

கறுப்புத் துண்டு எழுதியது:

எல்லாரும் ரசிக்கிறீர்கள், நான் கெடுக்க வந்திருக்கிறேன். விதி, குடுகுடுப்பை, ஜோசியம் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வடசென்னையில் மனிதன் செத்தால் அதற்குக் காரணம் தலையெழுத்தா? கடல் அரித்து வீடு போனது, சாம்பலிலும் புகையிலும் மூச்சு போனது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பையன்கள் பக்கெட்டால் அள்ளிக்கொண்டிருந்தார்கள், நானும் போய் நின்றேன். கையில் ஒட்டியது நாலு நாள் போகவில்லை. மீன் வாங்க ஆள் வரவில்லை. இதற்கெல்லாம் விதி என்று பெயர் வைத்தால் காரணமானவன் நிம்மதியாகத் தூங்குவான். குடுகுடுப்பைக்காரர் சொன்னது பலிக்கிறது என்று முடிந்தால் நான் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

லாஞ்சு வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்க அம்மா அப்பா கடலுக்குப் போகிற அன்று வாசலில் நின்று கையாட்டாது. ஆட்டினால் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வானிலை அறிக்கையும் கேட்கும், கையும் ஆட்டாது. விதியை நம்புகிறவர்களைப் பற்றி எழுதுவதும் விதியை நம்பச்சொல்வதும் ஒன்றா?

கறுப்புத் துண்டு எழுதியது:

ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஆசிரியர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். குடுகுடுப்பைக்காரருக்கு அது வயிற்றுப்பாடு. விடியற்காலையில் பனியில் நடந்து வருகிறவர் ஏன் காசு வாங்காமல் போனார்? எல்லாரும் பயந்துபோய்விட்டீர்கள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஒருத்தர் காசு வாங்கவில்லை என்றால், அதை ஏற்கெனவே யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வியாசை பந்து எழுதியது:

ஐயய்யோ.

ஒற்றியூர் டீச்சர் எழுதியது:

ஆயா!

கல்மண்டபத்தான் எழுதியது:

ஒரு நிமிஷம் இருங்கள். கை நடுங்குகிறது.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

அவர் எழுந்து உலாத்திக்கொண்டிருப்பார். அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, மகன் பணம் சேரட்டும் சேரட்டும் என்று தள்ளிப்போடுகிறான். கிழவி பார்த்தாள். குடுகுடுப்பைக்காரரைப் பிடித்து, "வாசல்ல பந்தல் நிக்கும்னு சொல்லு" என்று காசு கொடுத்துவிட்டாள். கல்யாணப் பந்தல் என்று நினைத்துத்தான் சொல்லச் சொன்னாள். அவர் உடுக்கையை நிறுத்தி நிறுத்திச் சொன்ன விதத்தில் வீட்டில் எல்லாருக்கும் சாவுப் பந்தலாகக் கேட்டுவிட்டது. கொடுத்த காசுக்கு மேல் நடித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் நானாக இருந்தால் ஆயாவை "எம்டன்" என்றிருப்பேன். இந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியாத பிள்ளைகளுக்கு: 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய் டாங்கிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து சாமர்த்தியக்காரனுக்கு அந்தப் பெயர். விஷயத்தை விட்டு வெளியே போய்விட்டேன், மன்னிக்கவும்.

லாஞ்சு வீட்டுப் பிள்ளை எழுதியது:

இல்லை ஐயா, இதுதான் சரியான பெயர். ஆனால் பாருங்கள், ஆயா போட்ட குண்டு எங்கே விழுகிறது? கல்யாணத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால் பந்தல் கணக்கு தீர்ந்துவிடும், சாவு தள்ளிப்போகும் என்று தேசிங்கு நினைப்பான். கல்யாணத்துக்குப் பணம்? லாஞ்சு ஓடவில்லை. அதனால்தான் அவன் திருட்டுத்தனமாக ஃபைபர் போட்டில் போகிறான். ஆயா சொன்ன பொய்தான் அவனைக் கடலில் இறக்குகிறது.

வியாசை பந்து எழுதியது:

எல்லாம் சரி, இப்போது இந்த இழையைப் படிக்கிற எல்லாருக்கும் முடிச்சு தெரிந்துபோச்சே? சஸ்பென்ஸ் நாவலை நடுத்தெருவில் வைத்து ஆபரேஷன் செய்துவிட்டோம்.

ஒற்றியூர் டீச்சர் எழுதியது:

தெரிந்தால் என்ன? ஒவ்வொரு மாசியிலும் எங்கள் கோயிலில் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் சத்தியம் செய்யப்போகிறார், மீறப்போகிறார், கண் போகப்போகிறது என்று கூட்டத்தில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கிறோம். தம்பி, இந்த ரகசியத்தைக் கடைசிவரை மூடிவைக்காதீர்கள். பாதியிலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும் என்றால்தான் அந்த ஆள் ராத்திரி எழுந்து போகும்போது நமக்கு வயிறு பிசையும்.

தமிழில் மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. நான் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்தவள், 1985இல் அது எரிகிற வரைக்கும். பல புத்தகத்தில் கடைசிப் பக்கமே இருக்காது, கிழிந்திருக்கும். யார் கொலைகாரன் என்று தெரியாமலே எத்தனையோ கதை என்னிடம் இருக்கிறது. நன்றாக இருந்தவை அப்படியும் நன்றாகவே இருந்தன.

வியாசை பந்து எழுதியது:

சரி, நானும் ஒன்று சீரியஸாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி கானா பாடுவார்கள். மரண கானா. ஐஸ் பெட்டிக்குள் ஆள் படுத்திருப்பார், வாசலில் பந்தல், ட்யூப் லைட், பிளாஸ்டிக் சேர். டோலக்கும் டேப்பும் வைத்துக்கொண்டு பாடுகிறவர் செத்தவரையே கிண்டல் செய்வார். குடித்தது, கடன் வாங்கியது, பெண்டாட்டிக்குப் பயந்தது எல்லாம் பாட்டில் வரும். சனம் சிரிக்கும். அடுத்த வரியில் "யார் இருக்கா உனக்கு" என்று திருப்புவார் பாருங்கள், சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சுவார்கள். எங்க தாத்தா செத்தபோது நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்த வரியில் அழுதேன் என்று இன்னமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணன் அந்தத் திருப்பத்தைக் கேட்டுப் பழக வேண்டும். சிரிப்பு ஒரு அத்தியாயம், சோகம் ஒரு அத்தியாயம் என்று பிரித்து வைத்தால் வராது. ஒரே வரியில் இரண்டும் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஆயா செய்த தப்பை மறைக்க, "நான்தான் போவேன், எனக்குத்தான் அந்தப் பந்தல்" என்று முன்னால் வந்து நிற்கலாம். ஸ்டூடியோவுக்குப் போய் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு போட்டோ எடுக்கட்டும். மூக்குத்தி தெரியவில்லை என்று திரும்ப எடுக்கச் சொல்லட்டும். "ஒரு வயசைக் குறைச்சிப் போடு" என்று டிசைனரிடம் சண்டை போடட்டும்.

ஒற்றியூர் டீச்சர் எழுதியது:

போட்டோ காட்சி அவசியம் வேண்டும். அதில் பேத்தி கூடப் போக வேண்டும். அவள்தான் முந்தானையைச் சரிசெய்ய வேண்டும்.

லாஞ்சு வீட்டுப் பிள்ளை எழுதியது:

பேச்சுமொழி பற்றி ஒரு வேண்டுகோள். அனுப்பிய அத்தியாயத்தில் எல்லாரும் ஒவ்வொரு வரிக்கும் "இன்னாபா", "கஸ்மாலம்" என்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று தமிழ் இருக்கிறது. ஆயா அவர் அப்பாவை "நைனா" என்பார், எங்க அப்பா "அப்பா" என்பார், என் தங்கச்சி மகள் "டாடி" என்கிறாள். "நாஸ்டா துன்னியா" என்று கேட்கிற ஆயா, பேங்கில் போய் "ஐயா, கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்பார். ஆள் பார்த்து, இடம் பார்த்து மாறும். பேஜார், கலீஜ் எல்லாம் கோபத்திலும் களைப்பிலும் தானாக வருகிற சொல். மிளகாய்த்தூள் மாதிரி மேலே தூவினால் கண் எரியும்.

(நான்கு நாள் இடைவெளி)

கல்மண்டபத்தான் எழுதியது:

மன்னியுங்கள், காணாமல் போய்விட்டேன். பழைய ஒன்பது அத்தியாயத்தில் இரண்டுதான் மிச்சம். புதிதாக எழுதியதில் ஒரு துண்டு போடுகிறேன். தடைக்காலத்தின் முப்பத்தெட்டாவது நாள், கலாவுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. ஆயா காசு கொடுத்த விஷயம் வாசகருக்கு முந்தின அத்தியாயத்திலேயே தெரியும்.

"மூன்று மணிக்கு தேசிங்கு எழுந்தான். லாஞ்சு இஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்த ஆளுக்குச் சத்தமில்லாமல் நடக்கத் தெரியவில்லை. முதலில் சொம்பைத் தட்டிவிட்டான். அதை நிமிர்த்தப் போய் தட்டைத் தட்டிவிட்டான்.

'யார்றா அது?'

'நான்தாம்மா.'

'இன்னா பண்ற?'

'பாத்ரூமுக்குப் போறேன்.'

'தூக்குச் சட்டி எடுத்துக்கினா?'

தேசிங்கு கையைப் பார்த்தான். ராத்திரியே சோறு போட்டு மூடிவைத்த தூக்கு.

'கழுவலாம்னு.'

'மூணு மணிக்கு.'

'ஆமா.'

இருட்டில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். கலா புரண்டு படுத்தாள். பாபுவின் கால் சுவரில் இருந்தது. ஆயா சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மகன் கடலுக்குப் போகமாட்டான். சொன்னால் கல்யாணமும் நிற்கும். வெற்றிலை இல்லாத வாயை மென்றாள்.

'சட்டை போட்டுக்கினு போ' என்றாள். 'பாத்ரூம்ல காத்து அடிக்கும்.'

அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனான். செருப்புச் சத்தம் பாத்ரூமைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடல் பக்கம் போனது.

ஆயா வாசலில் வந்து குந்தினாள். சுருக்குப் பையை அவிழ்த்து எண்ணினாள். இருநூறு ரூபாய் குறைந்த பை. இருநூறுக்கு அவர் சொன்னது ஒரே ஒரு வரி. அதையும் சொல்லச் சொன்ன மாதிரி சொல்லவில்லை.

பால் வண்டி வருவதற்கு முன்னால் உடுக்கைச் சத்தம் கேட்டது. சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவ்வளவு கேட்பார் என்று விசாரிக்க ஆயா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்."

வியாசை பந்து எழுதியது:

"பாத்ரூம்ல காத்து அடிக்கும்." படித்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன். என்னடா இந்த நேரத்தில் என்றார். சும்மாதான் என்றேன்.

கறுப்புத் துண்டு எழுதியது:

புத்தகம் வந்தால் வாங்குகிறேன். இரண்டு பிரதி. ஆனால் அவர் எதிர்ச்சாரிக்குப் போனதற்குக் காரணம் பயமா வெட்கமா என்பதை நீங்கள் உங்களுக்குள்ளேயாவது முடிவு செய்துகொள்ளுங்கள்.

லாஞ்சு வீட்டுப் பிள்ளை எழுதியது:

எங்க அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "தூக்குல சோறா? அவ்ளோ சோறு எடுத்துக்கினு போனா ஃபைபர்ல எங்க வைப்பான்?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கெய்வி ஏன் சொல்லமாட்டேங்குது?" என்று கேட்டார். சோறு கணக்கை மட்டும் திருத்திவிடுங்கள் அண்ணா, சின்ன டப்பா போதும்.

பந்தல் கடை எழுதியது:

வணக்கம். ரெண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை எழுதவில்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் சாமியானா, சேர், லைட் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். எங்க அப்பா காலத்துக் கடை. பந்தலைப் பற்றிக் கதை, பந்தல்காரனை யாருமே கேட்கவில்லையே என்று ஒரு வருத்தம்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாங்கள் எடுத்துப் போவது அதே கம்புகள், அதே கயிறு, அதே சேர். துணிதான் வேறு. கல்யாணம் என்றால் மஞ்சள், சிவப்பு, மேலே ஜாலர். சாவு என்றால் சாதாத் துணி. கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்குவோம். சாவு வீட்டில் நான் அட்வான்ஸ் கேட்கமாட்டேன், எங்க அப்பாவும் கேட்டதில்லை. காரியம் முடிந்து அவர்களாகக் கொடுப்பார்கள். கல்யாண பாக்கிதான் வசூலாகாது.

சில நாள் காலையில் ஒரு தெருவில் சாவுப் பந்தல் பிரித்து, அந்தக் கம்புகளையே மீன்பாடி வண்டியில் ஏற்றி, சாயந்திரம் அடுத்த தெருவில் கல்யாணத்துக்கு நட்டுவிடுவோம். யாருக்கும் சொல்லமாட்டோம்.

கல்மண்டபத்தான் எழுதியது:

அண்ணா, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்? கடைசி அத்தியாயம் கிடைத்துவிட்டது. ஜூன் 14 சாயந்திரம். ராத்திரி பன்னிரண்டுக்குக் கடல் திறக்கிறது. மறுநாள் கலா கல்யாணம். தேசிங்கு விடியற்காலை போனவன் இன்னும் வரவில்லை. தெருமுனையில் மீன்பாடி வண்டி திரும்புகிறது, கம்புகள் தெரிகின்றன. துணி எந்த நிறம் என்று வாசலில் நிற்கிற ஆயாவுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் துணியை எப்படி மறைப்பது? வண்டியில் மேலாகத்தானே போட்டு வருவீர்கள்?

பந்தல் கடை எழுதியது:

மழை வருகிற மாதிரி இருந்தால் தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு வருவோம். நீலத் தார்ப்பாய். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிற எங்களுக்குத்தான் தெரியும்.

கல்மண்டபத்தான் எழுதியது:

ஜூனில் மழையா?

ராயபுரம் ரயிலடி எழுதியது:

வரும் தம்பி. பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு சாயந்திரம் இடியோடு கொட்டும், அரை மணி நேரம். 2019 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் ஜூன் நடுவில் குடத்தோடு தண்ணி லாரிக்கு நின்றுகொண்டிருந்தோம். 2022 என்றால் எழுதலாம், நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

பந்தல் கடை எழுதியது:

இன்னொன்று, வண்டி வாசலுக்கு வந்ததும் முதலில் கம்பைத்தான் இறக்குவோம். குழி தோண்டி, நாலு கம்பும் நட்டு, கயிறு இழுத்துக் கட்டிய பிறகுதான் தார்ப்பாயைப் பிரிப்போம். அதுக்கே முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஆயா நிற்கணும். ஒரு சேர் முதலில் இறக்கிப் போடச் சொல்கிறேன்.